பாலாடைக்கட்டியும் மிளகும்

ரோமாபுரி மக்கள் விரும்பியுண்ணும் 'காச்சோ எ பேப்பே' என்னும் உணவின் பெயரிலேயே அதன் சமையற்குறிப்பும் அடங்கிவிடுகிறது. 'காச்சோ' என்றால் பாலாடைக்கட்டி. 'பேப்பே' என்றால் மிளகு. இவற்றுடன் வேகவைத்த பாஸ்தா சேர்ந்தால் உணவு ஆயிற்று. வெங்காயம், பூண்டு, தக்காளி எதுவும் இல்லை. இவ்வளவு குறைந்த பொருளில் என்ன சுவை இருந்துவிடப் போகிறது? மேற்படிப்புக்காக ரோமில் தங்கியிருந்த மகளைக் காணச் சென்றபோது நானும் இப்படித்தான் எண்ணினேன்.

அவள் என்னைத் தெஸ்தாச்சோ என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றாள். 1975 வரை நகரத்தின் ஆடுமாடு அறுக்கும் கூடம் இயங்கிய, உழைப்பாளர் மிகுந்து வாழ்ந்த இடம் அது. அங்கே நாங்கள் பசியாறியது ஒரு 'திராத்தொரியா'வில். வெள்ளை விரிப்பும் சீருடைப் பணியாளரும் உள்ள சாப்பாட்டு விடுதியை இத்தாலியர் 'ரிஸ்தொராந்தே' என்பர். 'ஓஸ்தெரியா' முற்காலத்தில் முதன்மையாகத் திராட்சை மது விற்ற இடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது திராத்தொரியா. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்துவது. நாங்கள் சென்ற கடையில் மூதாட்டியார் அடுப்படியில் நின்றார், மகன் பரிமாறினார், மருமகள் கல்லாவில் இருந்தார். பேரன் பொறியியல் படிக்கிறானாம். கடைப்பக்கம் வருவதே இல்லையாம்.

இத்தாலியர் பந்தியில் பாஸ்தா 'முதல் உணவு'. இறைச்சியோ மீனோ அதற்குப் பின் தனித்தட்டில் வரும். நாம் சோற்றில் குழம்பையும் கறியையும் ஒன்றாகப் பிசைவது போல் அங்கே செய்வதில்லை. முள்கரண்டியால் சுருட்டி உண்ணல் வேண்டும். நான் அறியாமல் கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மூதாட்டியார் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று உண்டு. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து மீயைக் கொண்டுபோய் இத்தாலியருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். சிசிலித் தீவில் மாவை இழைகளாகச் செய்து உலர்த்திக் கப்பலேற்றியதை அராபியப் புவியியலறிஞர் அல் இத்ரீசி 1154-லேயே எழுதிவிட்டார். அப்பாஸ்தா டூரம் என்னும் கடின கோதுமையின் ரவையால் ஆவது. உலர்ந்த பாஸ்தாவை அந்த ரவையாலேயே செய்யவேண்டும் என இத்தாலி 1967-இல் சட்டமும் இயற்றியது. கடின கோதுமையாதலால் அது குழையாமல், பல்லுக்குச் சற்றே எதிர்த்து நிற்கும் பதத்தில் வெந்து நிற்கும்.

மிளகோ நம் பக்கத்துச் சரக்கு. முசிறித் துறையில் யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு படித்தோர் அறிவர். மிளகைப் பொன் வெள்ளி போல் நிறுத்து வாங்குகிறார்களே என்று முதல் நூற்றாண்டு ரோமர் பிளினி குறைபட்டுக்கொண்டார். திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற வடசொல்லே கிரேக்கம், இலத்தீன் வழியாகத் திரிந்து இன்று 'பேப்பே' என நிற்கிறது.

இனி, இவ்வுணவின் உயிர்நிலைக்கு வருவோம். அது நான்காவது பொருளாகிய, பெயரில் இடம்பெறாத, பாஸ்தா வெந்த தண்ணீர். நம் வீட்டு வடிகஞ்சி போல மாச்சத்து கரைந்தது அது. 'பெக்கொரீனோ' என்னும் உப்புமிக்க ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் துருவி, வறுத்திடித்த மிளகோடு இந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிண்டினால் வழவழப்பான குழம்பாகும். சூடு மிகுந்தாலோ மாச்சத்து குறைந்தாலோ பாலாடைக்கட்டியின் புரதம் ஒன்றோடொன்று பற்றித் திரண்டுவிடும். ஊர் திரும்பி நான் முதன்முதல் செய்தபோது, ஆசிட்டு ஊற்றிய ரப்பர்ப்பால் போல் கரண்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அக்காட்சி புதிதன்று. தட்டில் காண்பதுதான் புதிது.

இத்தாலிய இயற்பியலார் சிலர் இதனையே ஆராய்ந்து 2025-இல் கட்டுரை வெளியிட்டனர். பாலாடைக்கட்டியின் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாச்சத்து இருந்தால் குழம்பு திரளாது. 1 பங்குக்குக் கீழே போனால் திரளும். அதாவது 200 கிராமுக்கு 5 கிராம் போதும். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குரிய இக் நோபெல் பரிசும் அவ்வாண்டே அவர்களுக்குக் கிடைத்தது.

தண்ணீர் எவ்வளவு என்று மகள் வாயிலாக மூதாட்டியாரைக் கேட்டிருந்தேன். அவர் அளவு சொல்லவில்லை. சிறிய பானையைச் சுட்டிக்காட்டி, அதில் பாதிக்கு மேல் கையை உயர்த்தாமல் நிறுத்தினார். நீர் குறைந்தால் மாச்சத்து செறியும் என்பது கட்டுரையைப் படித்த பின்னரே எனக்கு விளங்கியது. அடுத்த ஞாயிறு சிறிய பானையை எடுத்தேன். அடுப்பை அணைத்து, சூடு தணியும் வரை காத்திருந்து கிண்டினேன். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கட்டியது.