டி.சி. கொடுத்தால் தீராத வலி

ஒரு மாணவியின் கையில் அவளே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் ஆசிரியர் கண்ணில் படுகின்றன. நம் பள்ளிகள் பலவற்றில் அடுத்து நடப்பது என்ன? ‘பேரன்ட்ஸை வரச் சொல்.’ தலைமையாசிரியர் அறையில் விசாரணை. ‘மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்’ என்ற பேச்சு. சில இடங்களில் டி.சி.யும் கைக்கு வந்துவிடுகிறது. மருத்துவம் தேவைப்படும் ஒன்றை ஒழுங்கீனமாகப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

சுயதீங்கு பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கு, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் ஒருமுறையாவது இப்படிச் செய்திருப்பதாகச் சொல்கிறது. பையன்களும் இதில் உண்டு. அவர்கள் விஷயத்தில் நாம் சந்தேகப்படுவதே இல்லை.

‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்கள்’ என்பது எளிதான பதில். ஆனால் பெரும்பாலோர் காயத்தை மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். வீட்டுச் சண்டை, கேலி, பாலியல் துன்புறுத்தல், மதிப்பெண் பயம் என்று உள்ளே திரளும் வேதனையைச் சொல்ல வார்த்தை இல்லாதபோது அது உடல்மீது திரும்புகிறது. பிறகு குற்ற உணர்ச்சி வருகிறது, வேதனை கூடுகிறது, அந்தப் பழக்கம் பிள்ளையை மேலும் தனிமையில் தள்ளுகிறது. இவர்களில் பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து அதிகம் என்பதால், ‘சின்னப் பிள்ளை, சரியாகிவிடும்’ என்று விட்டுவிடவும் முடியாது.

பெரும்பாலும் முதலில் தெரிந்துகொள்வது தோழிதான். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவளிடம் சத்தியமும் வாங்கியாகிவிட்டிருக்கும். அந்தச் சத்தியத்தை மீறி நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வது துரோகம் ஆகாது என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும். அதைவிட முக்கியம், தன் வேதனையைச் சொல்லவந்த பிள்ளையை ஆசிரியர் எதிர்கொள்ளும் விதம். ‘சட்டையை மடக்கிக் காட்டு’ என்று மற்றவர் முன் கேட்டால், அந்தப் பிள்ளை இனி யாரிடமும் வாய் திறக்காது. தனியாக உட்காரவைத்து, ‘நீ சொன்னது நல்லது. என்ன நடக்குதுன்னு சொல்லும்மா’ என்று கேட்டால் போதும். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் பல நிர்வாகங்களுக்கு இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115ஆவது பிரிவின் நிலைப்பாடு. பள்ளிகளுக்குப் பொறுப்பும் உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பயிற்சி தரவும் சொன்னது. கணக்கு வாத்தியாரையே ‘கவுன்சிலர்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவது இதற்கு ஈடாகாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்த ஆலோசகர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். ஆசிரியர்களே, கரும்பலகையின் ஓரத்தில் 14416 என்று எழுதி அழிக்காமல் விடுங்கள். அது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.