அம்மம்மாவின் ஒழுங்கையும் 250 சொல்லும்

புவியியல் மாநாடு ஒன்றுக்கு முதலில் போவது முழுக் கட்டுரை இல்லை, ஒரு சுருக்கம். பெரும்பாலும் 250 சொல்லுக்குள். என்ன கேள்வி, எப்படித் தேடினாய், என்ன கண்டாய், அது மற்ற ஆய்வாளர்களுக்கு ஏன் வேணும், இவ்வளவும் அதற்குள் அடங்க வேண்டும். லண்டனில் முதுமாணி படிக்கும் என் மகள் போன மாரிகாலம் முழுக்க அந்த 250 சொல்லோடு மல்லுக்கட்டினாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அவள் எடுத்த விஷயம் என் அம்மாவின் ஊர். வலிகாமம் வடக்கில், 1990இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த ஒரு கிராமம். "அம்மம்மா, உங்கட ஒழுங்கையைக் கீறிக் காட்டுங்கோ" என்று தாளும் பென்சிலும் கொடுத்தாள். அதே ஒழுங்கையில் இருந்து இப்போது லண்டனில் வாழும் இன்னும் மூன்று பேரிடமும் கேட்டாள். நினைவிலிருந்து வரையச் சொல்வது புதிய முறை இல்லை. கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் பாஸ்டன் முதலிய நகரங்களில் இப்படிக் கேட்டு, 1960இல் ஒரு புத்தகமே எழுதினார். மகளுக்குக் கிடைத்தது இதுதான்: நாலு தாளிலும் கிணறுகள் ஒரே இடத்தில் இருந்தன, வேலிகள்தான் ஆளுக்கு ஆள் மாறின.

சொந்த அம்மம்மாவிடம் கேட்பதற்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். விளக்கக் கடிதமும் சம்மதப் படிவமும் தமிழில் வேணும். அதை எழுதிக் கொடுத்தது நான். பேர் வெளியிடப்படாது என்ற வரியை வாசித்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊர் போச்சு, வீடு போச்சு, இப்ப பேரையும் எடுக்கப் போறியளோ?"

அதற்கு வழி இருந்தது. விரும்புகிறவர் எழுத்தில் சம்மதம் தந்தால் அவர் பேரையே போடலாம். படிவத்தில் ஒரு கட்டம் கூடியது, அம்மா அதில் சரி போட்டா. சிக்கல் அடுத்ததில். வரைபடத்தில் பதினொரு வீடு. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பேரை அம்மா எழுதியிருந்தா. அவர்களில் சிலர் இப்போது இல்லை, சிலர் கனடாவில், சிலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவரிடமும் சம்மதம் வாங்கவில்லை. காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்காக அலைகிற சனம் இன்னும் இருக்கிறது. வேலியும் பேருமாக ஒரு வரைபடம் பொதுவில் வந்தால் அதை யார் எதற்குத் தூக்குவார்கள் என்று தெரியாது. வேலிகள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்பதே அவளுடைய முடிவாக இருக்கும்போது இது இன்னும் ஆபத்து.

"பேரில்லாட்டி அது ஆற்ற வீடு?" என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் மகளின் பக்கம். இரண்டு நாள் கதைக்காமல் இருந்துவிட்டு, அம்மாவே புதுத் தாளில் எழுதினா: புளியடி வீடு, இரட்டைக் கிணத்து வீடு, நெல்லியடி வீடு. ஊரில் பெண்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்வார்களாம். தபால்காரர் வீடு என்பதை மட்டும் மகள் வெட்டினாள். ஊருக்கு ஒரு தபால்காரர்தானே!

சுருக்கத்தின் முதல் வரைவில் பாதி, போரின் வரலாறு. மேற்பார்வையாளர் அதை இரண்டு வசனமாக்கச் சொன்னார். "வளவு" என்ற சொல்லில்தான் நாங்கள் கனநேரம் நின்றோம். தோட்டமும் இல்லை, வெறும் காணியும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்காததால் "வளவு" என்றே வைத்து, ஐந்து சொல்லில் விளக்கினாள். 250இல் ஐந்து பெரிய செலவு. எங்களைப் போல இங்கேயே வளர்ந்து, தமிழ் அரைகுறை என்று கூச்சப்படும் அப்பா அம்மாமாருக்கு இந்த வேலை நல்லாவே ஓடும். பிள்ளையின் ஆங்கிலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அவள் அனுப்பியது, 1830இல் தொடங்கிய அரச புவியியல் கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்கு. ஆகஸ்ட் கடைசியை ஒட்டி நடக்கும், சில ஆண்டு லண்டனில், சில ஆண்டு வேறு நகரத்தில். அங்கே ஒவ்வொரு அமர்வையும் சில ஆய்வாளர்கள் முன்னின்று நடத்துகிறார்கள். அழைப்பு விடுப்பதும் சுருக்கங்களைத் தெரிவதும் அவர்களே. ஆகவே எந்த அமர்வு என்பதிலேயே பாதி வேலை முடிகிறது. போர் பற்றிய அமர்வை விட்டு, வரைபடமும் நினைவும் பற்றிய ஒன்றுக்கு அனுப்பினாள். அவளுடைய கேள்வி அதுதானே. முதல் தடவை பேசப் பயப்படும் பிள்ளைகளுக்கு, அதே கழகத்தின் பட்டப்பின் மாணவர்கள் நடத்தும் இடைக்கால மாநாடும் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1904இல் தொடங்கிய அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இருக்கிறது.

பேசுகிறவரும் கட்டணம் கட்ட வேண்டும் என்பது பல பெற்றோருக்குப் புதினமாக இருக்கும். மாணவருக்குக் குறைவு. உதவித்தொகை இருந்தால் அதன் கடைசித் திகதி வேறாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டு மின்னஞ்சல் வந்துவிட்டது. பேச்சுக்குப் பதினைந்து நிமிடம், பிறகு கேள்விகள். சாப்பாட்டு மேசையில் கைப்பேசி மணியை வைத்து ஒத்திகை நடக்கிறது. நேற்று பதினெட்டு நிமிடம் போனது. முதல் படத்தில் அம்மாவின் பேர், தகப்பன் பேரின் முதலெழுத்தோடு. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னா: "பிள்ளை, புளியடி வீட்டுக் கிணறு இன்னும் கொஞ்சம் கிழக்கால."