கோட்டைக் காவலனும் செலக்டர் கணுவும்

கணினி விளையாட்டில் வரும் காவலனோ எதிரியோ அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கப் பயன்படும் அமைப்புகளில் ஒன்று நடத்தை மரம் எனப்படும் பிஹேவியர் ட்ரீ. 2004-இல் வெளிவந்த ஹேலோ 2 என்ற விளையாட்டு இதைப் பிரபலமாக்கியது. மரத்தின் நுனிகளில் ஓடுவது, தாக்குவது போன்ற செயல்களும் ‘எதிரி கண்ணில் படுகிறானா’ போன்ற சோதனைகளும் இருக்கும். கிளை பிரியும் இடங்களில் இருக்கும் கணுக்களில் முக்கியமானது செலக்டர்.

செலக்டர் தன் கிளைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கேட்கும். கிளை தரும் பதில் மூன்றில் ஒன்று: வெற்றி, தோல்வி, இன்னும் நடக்கிறது. தோல்வி என்றால் அடுத்த கிளைக்குப் போகும். மற்ற இரண்டில் எது வந்தாலும் அதையே மேலே சொல்லிவிட்டு நின்றுவிடும். எல்லாக் கிளைகளும் தோற்றால்தான் செலக்டரும் தோற்கும். சீக்வென்ஸ் கணு இதற்கு நேர்மாறு. அதன் கிளைகளில் ஒன்று தோற்றாலே மொத்தமும் தோல்வி.

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடி கோட்டையைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டு உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் போரோடு தொடர்புடைய கோட்டை அது. மதில்மேல் நிற்கும் காவலனின் செலக்டருக்கு மூன்று கிளைகள்: எதிரி தெரிந்தால் தாக்கு, சத்தம் கேட்டால் போய்ப் பார், இல்லையேல் ரோந்து போ. எதிரி தெரியவில்லை, முதல் கிளை தோல்வி. அகழிப் பக்கம் கல் உருளும் சத்தம் கேட்கிறது. காவலன் அங்கே நடக்கிறான். ‘இன்னும் நடக்கிறது’ என்ற பதில் வருவதால் ரோந்துக் கிளையைச் செலக்டர் தொடுவதே இல்லை.

பாதி வழியில் எதிரி எதிரே வந்துவிட்டால்? மரம் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு முறையும் முதல் கிளையிலிருந்தே சோதிக்கும் செலக்டர் என்றால் காவலன் உடனே தாக்குவான். விட்ட இடத்திலிருந்து தொடரும் வகை என்றால் சத்தம் வந்த இடத்தைப் பார்த்து முடிக்கும்வரை எதிரியைக் கண்டுகொள்ள மாட்டான். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சினின் செலக்டர் இரண்டாம் வகை. எதிரி தெரிந்ததும் நடக்கும் கிளையை நிறுத்தும்படி நிபந்தனையைத் தனியே அமைக்க வேண்டும்.

கிளைகளின் வரிசைதான் முன்னுரிமை. ரோந்து ஒருபோதும் தோற்காது என்பதால், அதை முதலில் வைத்தால் கோட்டைக்குள் எதிரி புகுந்தாலும் காவலன் மதிலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். அதே காரணத்தால் கடைசி இடத்துக்கு ரோந்து பொருத்தமானது. மற்ற கிளைகள் எல்லாம் தோற்றாலும் காவலன் சும்மா நிற்க மாட்டான்.

ரோபோக்களை வழிநடத்தும் மென்பொருள்களிலும் இதே கணு ‘ஃபால்பேக்’ என்ற பெயரில் இருக்கிறது. எங்கே பயன்படுத்தினாலும் விதி ஒன்றுதான்: அவசரமானது முதலில், எப்போதும் செய்யக்கூடியது கடைசியில்.