ஆள் மாறினால் அறமும் மாறுமா?

2009 ஜனவரியில் யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற பால் போல்மன், வந்த வேகத்திலேயே முதலீட்டாளர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தார். லாப முன்கணிப்பு வெளியிடும் வழக்கத்தை இனி நிறுத்திவிடுவதாக அறிவித்தார். பங்கு விலை சரிந்தது. அவர் அசரவில்லை.

அடுத்த ஆண்டே நீடித்த வளர்ச்சிக்கான பத்தாண்டுத் திட்டம் வந்தது. விற்பனை இரட்டிப்பாக வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பு பாதியாகக் குறைய வேண்டும். இதை நன்கொடை வேலையாக ஒதுக்கிவைக்காமல், சோப்பு, ஷாம்பு, தேயிலை விற்கும் பிரிவுகளின் இலக்குகளிலேயே சேர்த்தார் போல்மன். வழக்கமான சமூகப் பொறுப்பு, ஈட்டிய லாபத்தில் எவ்வளவு கொடுப்பது என்று பார்க்கும். போல்மன் கேட்டது, லாபத்தை எப்படி ஈட்டுவது என்று.

பலன் கிடைத்ததா? அவருடைய பத்தாண்டுகளில் பங்குதாரர்கள் பெற்ற மொத்த ஆதாயம் சுமார் 290 சதவீதம். நீடித்த வளர்ச்சிக்கான பிராண்டுகள் மற்றவற்றைவிட 69 சதவீதம் வேகமாக வளர்ந்ததாக 2018ஆம் ஆண்டுக்கான கணக்கைக் காட்டி நிறுவனம் சொன்னது. ஆனால் அந்த பிராண்டுகளின் பட்டியலைத் தயாரித்ததும் நிறுவனம்தான். பாதிப்பைப் பாதியாக்கும் இலக்கோ 2020இலிருந்து 2030க்குத் தள்ளிப்போனது.

நல்ல பெயருக்கும் ஒரு விலை உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளியே வந்த விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015இல் இதைப் பற்றிய சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் இணையத்தில் பரவியபோது, நீடித்த வளர்ச்சியின் முகமாக உலகம் கொண்டாடிய போல்மனை நோக்கியே கேள்விகள் பாய்ந்தன. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. மனிதாபிமான உதவி என்றே சொன்னது.

2017 பிப்ரவரியில் உணவு நிறுவனமான கிராஃப்ட் ஹைன்ஸ் 14,300 கோடி டாலருக்கு யூனிலீவரை விலை பேசி, இரண்டே நாளில் பின்வாங்கியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு போல்மனும் சந்தையின் மொழியைப் பேச வேண்டிவந்தது. லாப விகிதத்தை 20 சதவீதமாக உயர்த்த உறுதி தந்தார். 500 கோடி யூரோவுக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கினார்.

2019இல் போல்மனுக்குப் பின் வந்த ஆலன் ஜோப், ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு சமூக நோக்கம் வேண்டும் என்றார். வளர்ச்சி மந்தமானது. 'மயோனெய்ஸுக்கு எதற்கு நோக்கம்?' என்ற தொனியில் பங்குதாரரான டெர்ரி ஸ்மித் 2022 ஜனவரியில் கேலி செய்தார். 2023இல் பொறுப்பேற்ற ஹைன் ஷூமாகர், எல்லா பிராண்டுக்கும் நோக்கத்தைத் திணிக்கப்போவதில்லை என்றார். 2025க்குள் புதிய பிளாஸ்டிக்கைப் பாதியாக்குவது என்றிருந்த இலக்கு, 2026க்குள் 30 சதவீதம் குறைப்பதாக 2024இல் சுருங்கியது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் அவரும் மாற்றப்பட்டார். 2025 மார்ச் முதல் ஃபெர்னாண்டோ ஃபெர்னாண்டஸ் அந்த நாற்காலியில் இருக்கிறார்.

சமூகப் பொறுப்பைத் தனி ஒருவரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமே போட்ட நாடு இந்தியா. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற வரம்புகளில் ஒன்றைத் தொடும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வழக்கமான தொழில் நடவடிக்கைகள் இந்தக் கணக்கில் சேரா. ஆகவே லாபத்தை ஈட்டும் விதம் இந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிறது. அதைத் தீர்மானிப்பவர்கள் தலைமைச் செயல் அதிகாரியும் இயக்குநர் குழுவும்தான்.

அந்தப் பக்கத்தையும் இப்போது ஓரளவு பார்க்க முடிகிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய விவரங்களை அறிக்கையாக வெளியிட வேண்டும் என்பதை 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. தலைவர் மாறிய ஆண்டுக்கு முந்தைய அறிக்கையையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த எண் நகர்ந்தது என்பதைப் பங்குதாரரே பார்த்துக்கொள்ளலாம்.