மதகு திறந்தால் ஊருக்கு எப்படிச் சொல்வது?

திருப்பதியிலிருந்து புத்தூர், நாகலாபுரம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிற நம்மவர்களுக்குப் பிச்சாட்டூர் தெரியாத ஊர் அல்ல. ஆரணி ஆற்றின் குறுக்கே அங்குள்ள நீர்த்தேக்கத்தைப் 'பிச்சாட்டூர் ஏரி' என்றே சொல்வது வழக்கம். கொள்ளளவு ஏறத்தாழ 1.85 டி.எம்.சி. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஊர் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. ஆறு தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று ஓடிப் பழவேற்காட்டருகே கடலில் கலக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் மதகைத் திறந்தாக வேண்டும். திறப்பது ஆந்திராவில், வெள்ளம் வருவது தமிழ்நாட்டில். 2015லும் 2021லும் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது.

அதிகாரிக்கு அதிகாரி தகவல் போய்விடுகிறது. சிக்கல் கடைசி ஒரு மைலில்தான்.

"கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இந்த வாசகத்தை எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் நம் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 'தாழ்வான பகுதி' என்றால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அது அடுத்த தெருதான்!

கன அடியும் டேங்கர் லாரியும்

"வினாடிக்கு 1,000 கன அடி" என்றால் யாருக்கு என்ன தெரியும்? ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் இரண்டுக்கும் மேல், ஒவ்வொரு வினாடியும். இப்படிச் சொன்னால் வயிற்றைக் கலக்கும். கலக்கத்தான் வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அந்த எண்ணைக் கேட்டு அடையாற்றங்கரையில் எத்தனை பேர் பாயைச் சுருட்டியிருப்பார்கள்?

ஆனால் பயம் மட்டும் இருந்தாலும் ஆபத்து. அதே மழையில் "ஏரி உடைந்துவிட்டது" என்ற புரளிகள் பரவி, ஜனங்கள் திக்குத் தெரியாமல் பதறினார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1965ல் ஒரு சோதனை வெளியாயிற்று. மாணவர்களுக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) நோயைப் பற்றிச் சொல்லித் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி கேட்டார்கள். பயமுறுத்திச் சொன்னதில் மனம் மாறினார்களே தவிர, ஊசி போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான். ஆஸ்பத்திரி எங்கே என்று வரைபடமும் நேரமும் கொடுத்தபோது அது 28 ஆயிற்று. பயத்தோடு வழியும் சேர்ந்தால்தான் கால் நகர்கிறது.

தண்டோராவுக்குப் பிறகு

முன்பெல்லாம் தண்டோரா ஓசை கேட்டதும் பெண்கள் அடுப்பை விட்டு வாசலுக்கு வருவார்கள். அறைகூவுகிறவர் உள்ளூர்க்காரர், யார் வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி வண்டி போதும் என்றார்கள். ஒரு சாராரின் தலையில் கட்டப்பட்டிருந்த வேலை அது, போனது நல்லதே. 2023ல் கைப்பேசியில் அபாய ஒலி அனுப்பிப் பார்த்தார்கள். அலறலில் தூக்கம் கலையும், சரி. பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடிப் படிக்க வேண்டுமே!

வண்டியில் ஒலிபரப்புகிற குரல், தெருப் பேரையும் மேட்டின் பேரையும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதி நம் கையில் இருக்கிறது. புத்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கிற நமக்கு மேல்மழை முதலில் தெரிகிறது. ஆற்றங்கரையில் வீடு இருப்பவர்கள், மதகு திறந்த சேதி உறுதியானதும் "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்லிப் போனை வைத்துவிடக் கூடாது.

"அம்மா, இங்கே மதகைத் திறந்துட்டாங்க. மாட்டை அவுத்துக்கிட்டுப் பள்ளிக்கூட மேட்டுக்குப் போயிடு. பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கோ. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடு, அதுவரைக்கும் நான் தூங்க மாட்டேன்."