ஆயத்தத் திரையா, அளவுத் திரையா?

வெளியூரில் குடியேறும் நம் குடும்பத்தார் புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுகின்றனர். அடுத்து அடுப்பையும் தண்ணீரையும் பற்றிக் கவலைப்படுகின்றனர். மாலையில் விளக்கை ஏற்றும்போதுதான் ஜன்னல்கள் அவர்கள் கண்ணில் படுகின்றன. எதிர்வீட்டு மாடியில் நிற்பவருக்கு நம் கூடம் முழுவதும் தெரிகிறது! அன்றிரவு ஒரு பழைய வேட்டியோ புடவையோ ஆணியில் தொங்குகிறது. மறுநாள் எழும் கேள்வியே இக்கட்டுரைக்குப் பொருள். கடையில் தைத்து அடுக்கி வைத்திருக்கும் ஆயத்தத் திரையை வாங்கி மாட்டிவிடலாமா? அல்லது ஜன்னலை அளந்து, துணி எடுத்து, தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாமா?

இதனை அழகு சம்பந்தமான விஷயமாகவே பலரும் கருதுகின்றனர். சொந்த ஊரில் சொந்த வீட்டில் வாழ்வோர்க்கு அது அவ்வாறே இருக்கலாம். ஆனால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாடகை வீட்டிலோ அரசாங்கக் குடியிருப்பிலோ இருந்துகொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டை கட்டும் நம்மவர்க்கு முதற்கேள்வி வேறு. "இந்த ஜன்னலோடு நாம் எத்தனை ஆண்டுகள் வாழப்போகிறோம்?" என்பதே அது. அளவெடுத்துத் தைத்த திரை ஒரு ஜன்னலுக்கென்றே பிறந்தது. மாற்றல் உத்தரவு வந்ததும் அத்திரை பெட்டிக்குள் போகிறது. அடுத்த வீட்டில் ஒரு சாண் குட்டையாகவோ ஒரு முழம் நீளமாகவோ நிற்கிறது. தில்லியில் ஏழு அரசாங்கக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. அதன் பின் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய இடங்களில் குடியிருந்தோர் வேறிடம் போக நேர்ந்தது. நெடுங்காலம் அசையமாட்டோம் என்று எண்ணியிருந்தவர்க்கே அந்நிலை என்றால், மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயத்தத் திரையின் பெருஞ்சிறப்பு அதன் பொது அளவேயாகும். நம் நாட்டுக் கடைகளில் அது பெரும்பாலும் மூன்று உயரங்களில் கிடைக்கிறது: ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, உயர்ந்த கதவுக்கு 9 அடி. அகலம் ஏறக்குறைய 4 அடி. எந்த ஊருக்குப் போனாலும் இவ்வளவு மாறுவதில்லை. நாகபுரியில் வாங்கிய இரண்டு திரைகளோடு புனேயில் மேலும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். வண்ணம் சற்று வேறுபடுமேயன்றி அளவு வேறுபடாது. வாங்கிய அன்றே மாட்டிவிடலாம். பிடிக்கவில்லையெனில், பிரிக்காதவரை பல கடைகள் திரும்பப் பெற்றுக்கொள்ளும். வெட்டிய துணியை எக்கடைக்காரரும் திரும்ப வாங்கமாட்டார்.

இங்கே ஒரு சுவையான செய்தியும் உண்டு. திரை, மேசைவிரிப்பு, சமையலறைத் துணி ஆகிய வீட்டுத் துணிகளை நெய்தும் தைத்தும் உலக நாடுகளுக்கு அனுப்பும் ஊர்களுள் நம் கரூர் முதன்மையானது. பிழைப்பு நாடி நாம் வடக்கே வந்ததுபோல அத்துணிகளும் ஊரைவிட்டுப் புறப்பட்டவையே! விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் கரூர் வழியாகப் போக நேர்ந்தால், ஒரு வேளையை அங்குள்ள துணிக்கடைகளில் கழிப்பது வீண்போகாது. ஆனால் ஜன்னல் அளவைக் கையில் எழுதிக்கொள்ளாமல் போவோர் கண்ணைக் கவர்ந்ததை வாங்கிவந்து பின்னர் வருந்துவர்.

இனி அளவுக்கு வருவோம். திரையை வாங்குவதில் பணம் வீணாகும் இடம் இதுவே. ஐந்தடி அகலமும் நான்கரை அடி உயரமும் உள்ள ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். கம்பி ஜன்னலின் இருபுறமும் அரையடி நீண்டிருக்க வேண்டும். இன்றேல் ஓரத்தில் வெளிச்சமும் பிறர் பார்வையும் புகும். ஆகவே கம்பி 6 அடி. திரை கொசுவம் கொசுவமாக விழவேண்டுமானால் துணியின் மொத்த அகலம் கம்பியைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது 12 அடி. நான்கடித் திரைகள் மூன்று. கடையிலோ இரண்டிரண்டாகக் கட்டி விற்கின்றனர். இரண்டு வாங்கினால், துவைத்து உலர்த்திய போர்வை போல் விறைப்பாக நிற்கும். நான்கு வாங்கினால் ஒன்று மிஞ்சும். அதைச் சிறு ஜன்னலொன்றில் தனியே மாட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உயரத்தில் இன்னொரு சங்கடம். கம்பியை ஜன்னலுக்கு அரையடி மேலே பொருத்தி, திரை ஜன்னலுக்குக் கீழே அரையடி இறங்க வேண்டுமென்றால், ஐந்தரை அடி தேவை. ஐந்தடித் திரை ஜன்னலின் அடி விளிம்போடு நின்றுவிடும். பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். ஐந்தடியில் அது மூன்று அங்குலம் வரை ஆகலாம். அந்த மூன்று அங்குல இடைவெளி வழியே காலை ஐந்தரை மணி வெயில், இரவு வேலை முடித்து வந்து படுத்தவர் முகத்தில் அடிக்கும்.

தைப்பதானால் அதே ஜன்னலுக்குக் கணக்கு இதுதான்: ஐந்தரை அடியோடு மேல்மடிப்புக்கும் கீழ்மடிப்புக்குமாக ஓரடி சேர்த்தால் ஆறரை அடி, நான்கடி அகலத் துணியில் மூன்று பாகங்களுக்குப் பத்தொன்பதரை அடி, ஏறக்குறைய 6 மீட்டர். பெரிய பூ வேலையுள்ள துணியாயின் பூவோடு பூ பொருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் இன்னும் சிறிது கூடுதலாக வேண்டும். மீட்டர் முறைக்கான சட்டம் நம் நாட்டில் 1956-இல் இயற்றப்பட்டது. ஆயினும் திரையை இன்றும் அடியில் சொல்கிறோம், துணியை மீட்டரில் வாங்குகிறோம், தையற்காரர் அங்குலத்தில் குறிக்கிறார். மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது நஷ்டம் நம்முடையதாகிறது. ஒரு மீட்டர் என்பது மூன்றடி மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைவிற்கொண்டு, கணக்கை வீட்டிலேயே தாளில் எழுதிச் செல்வது நலம். துணி நாடா இழுபடும். இரும்பு நாடாவால் அளக்க வேண்டும். ஒரே அறையின் இரு ஜன்னல்களும் ஒரே அளவென்று நம்பிவிடலாகாது.

இவ்வளவும் கேட்டபின் ஆயத்தத் திரையே போதும் என்று நம் வாசகர்கள் எண்ணலாம். பெரும்பாலான வாடகை வீட்டு ஜன்னல்களுக்கு நம் கருத்தும் அதுவே. எனினும் அளவெடுத்துத் தைப்பதன்றி வேறு வழியில்லாத இடம் ஒன்று உண்டு. அது ஜன்னலே அன்று.

மும்பையில் ஓர் அறையும் சமையலறையுமே வீடாகக் கொண்ட நம்மவர் பலர். அவ்வறையில் வயது முதிர்ந்த தாயார் உறங்க வேண்டும். மகள் தேர்வுக்குப் படிக்க வேண்டும். புதிதாக மணமான மகனும் மருமகளும் வாழ வேண்டும். சுவர் எழுப்ப இடமுமில்லை, வீட்டுக்காரர் அனுமதியுமில்லை. அங்கே திரையே சுவர். கூடத்துக்கு அழகு செய்யும் திரையைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் விருந்தினர் சிரிப்பர், அவ்வளவே. இத்திரையில் தவறினால் குடும்பத்தின் நிம்மதியே குலையும். ஆதலின் செலவு செய்ய வேண்டிய இடம் இதுவென்று துணிந்து கூறுவோம்.

இத்தகைய தடுப்புத் திரைக்குக் கடையில் அளவு கிடையாது. கம்பி சுவருக்குச் சுவர் கூரையை ஒட்டிச் செல்ல வேண்டும். நீண்ட கம்பி நடுவில் தொய்யாதிருக்க இடையே ஒரு தாங்கி வேண்டும். மேலும், ஜன்னல் திரைக்கு ஒரு புறமே முகம். தடுப்புத் திரைக்கு இரு புறமும் முகம். அச்சிட்ட பூத்துணியானால், ஒரு பக்கத்தில் இருப்போர் வெளிறிய பின்புறத்தையே நாள் முழுதும் பார்த்திருப்பர். நூலிலேயே வண்ணமேற்றி நெய்த கட்டமோ கோடோ உள்ள கைத்தறித் துணி இரு புறமும் ஒன்றாக விளங்கும். 1935-இல் தொடங்கப்பெற்ற நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் விற்பனை நிலையங்கள் உண்டு. கைத்தறித் துணிக்கு அங்கே சென்று பார்க்கலாம். கண்ணனூர்க் கைத்தறியும் இதற்கு ஏற்றதே.

காற்றையும் மறத்தலாகாது. ஓரறைக்கு ஒரு மின்விசிறிதான் இருக்கும். தரையிலிருந்து கூரைவரை கனத்த துணியால் மறைத்தால், விசிறியில்லாத பாதி அடுப்பங்கரை போலாகிவிடும். மருத்துவமனைகளில் கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரைகளைக் கவனித்திருப்பீர்கள். மேற்பகுதி வலைத்துணியாக இருக்கும். அதே முறையில் மேலே ஓரடியோ ஒன்றரை அடியோ வலையும், அதன் கீழே துணியுமாகத் தைக்கச் சொல்ல வேண்டும். வலை வழியே வெளிச்சம் ஊடுருவுமே என்றால், படிக்கும் பிள்ளைக்குக் கூடு வைத்த மேசை விளக்கு ஒன்று போதும். விசிறியின் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் கம்பியைப் பொருத்த வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் துணியும் மாறும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் உள்துணி வைத்த கனத்த பருத்தித் திரை துவைத்தால் எளிதில் உலராது; பூஞ்சணம் பிடிக்கும். அங்கே மெல்லிய பாலியெஸ்டர் கலப்பே சௌகரியம். ஆனால் அடுப்புக்கருகில் பாலியெஸ்டர் கூடவே கூடாது. தீப்பட்டால் அது உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். சமையலறை ஜன்னலுக்குத் திரையே வேண்டாம், கீழ்ப்பாதிக் கண்ணாடியில் ஒட்டும் தாளே போதும் என்பது நம் கட்சி.

தில்லியில் கதை வேறு. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 பாகையைத் தொடும் ஊர் அது. மேற்கு ஜன்னலுக்குப் பணத்தைக் கொட்டி மூன்றடுக்குத் திரை தைக்கின்றனர். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதியைத் திரை என்ன செய்யும்? தானும் சூடேறி அறைக்கே திருப்பித் தரும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே முறை. அவ்வூரார் வாசலிலும் தாழ்வாரத்திலும் தொங்கவிடும் மூங்கில் தட்டியை, அவர்கள் மொழியில் 'சிக்', வெளிப்புறம் கட்டிவிட்டு, உள்ளே சாதாரண ஆயத்தத் திரையை மாட்டினால் செலவும் குறையும், அறையும் குளிரும். டிசம்பர், ஜனவரிக் குளிரில்தான் கனத்த திரைக்கு வேலை. அப்போது அது தரையைத் தொடும் நீளம் கொண்டிருந்து, பொழுது சாய்ந்ததும் மூடப்பட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இடம் மாறும் குடும்பங்களுக்கு நாம் பெரிதும் விரும்பிச் சொல்வது அதுவே. ஐந்தரை அடி தேவைப்படும் ஜன்னலுக்கு ஏழடி ஆயத்தத் திரையை வாங்குங்கள். முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். பிறகு மிகுந்த துணியை வெட்டாமல் உட்புறமாக மடித்து, நெடுந்தையலாகத் தைத்துவிடுங்கள். அடிப்பாகம் கனமாவதால் திரை காற்றில் பறக்காமல் அழகாக விழும். அடுத்த வீட்டில் ஜன்னல் பெரிதானால், அல்லது அங்கே ஒரு கதவுக்குத் திரை வேண்டியிருந்தால், தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வெயில் படாத பகுதி சற்று அடர்ந்த நிறத்தில் தெரியும் என்பது உண்மை. பழைய புடவைக் கரையொன்றை அந்த மடிப்புக் கோட்டின்மேல் வைத்துத் தைத்தால், வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு போலிருக்கும். இருட்டுக்கான உள்துணி வேண்டுவோர் அதைத் திரையோடு சேர்த்துத் தைக்காமல், தனியாகக் கொக்கியில் மாட்டும்படி செய்துகொண்டால், வேண்டிய அறைக்கு மாற்றலாம். தனியே துவைக்கவும் செய்யலாம்.

கம்பிக்காகச் சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், சிறு ஜன்னல்களுக்குச் சுருள்வில் உள்ள கம்பி கிடைக்கிறது. ஜன்னல் சட்டத்தின் இரு பக்கங்களுக்கிடையே தானே இறுகி நிற்கும். கனத்த திரையை அது தாங்காது.

தைக்கக் கொடுப்போர் தையற்காரரிடம் சிலவற்றை முன்னரே பேசிவிட வேண்டும். கூலி ஒரு பாகத்துக்கா, மீட்டருக்கா? உருக்கு வளையங்களின் விலை அதில் அடங்குமா? வளையம் வைப்பதானால் எண்ணிக்கை ஒவ்வொரு பாகத்திலும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரு ஓரங்களும் சுவர்ப்பக்கம் திரும்பும். வளையத்தின் உள்வாய் கம்பியைவிடச் சற்றே அகன்றிருக்க வேண்டும். மொழி தெரியாத புதியவர்கள், வாய்ச்சொல்லை நம்பாமல், ஜன்னலின் படத்தைத் தாளில் வரைந்து எண்களை எழுதிக் கொடுப்பது மேல். எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றே. மீந்த துண்டுத் துணியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலையணை உறைக்கோ, பின்னாளில் ஒட்டுப்போடவோ உதவும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வடக்கே தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துத் திரை மாற்றுவது வழக்கமாதலால், அதற்கு முந்திய வாரங்களில் எத்தையற்காரரும் புது வேலையை ஏற்கமாட்டார். ஏற்றாலும் அவசரத்தில் கோணலாகத் தைப்பார். கைத்தறிக்குத் தள்ளுபடி கிடைப்பதும் அப்பருவத்திலேதான். ஆகவே துணியைத் தள்ளுபடியில் வாங்கி, நனைத்து உலர்த்தி மடித்து வையுங்கள். பண்டிகை முடிந்து தையற்கடையில் கூட்டம் குறைந்தபின் கொண்டுபோய்க் கொடுத்தால், பொங்கலுக்கு முன் திரை ஜன்னலில் தொங்கும்.