பேர் போடாத பாட்டு

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர்; கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து, மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில் நின்ற பெண்ணுக்குக் கணக்கப்பிள்ளை ‘பேர் போடுகிறார்’. அந்தச் செக்ரோலைத் தவிர வேறு ஏடுகளில் அவள் பெயரைக் காண்பது அரிது. அவள் கட்டிப் பாடிய பாட்டின் கீழும் அது இல்லை. நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது என்பது நாம் மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கும் இலக்கணம். அந்த இலக்கணம் மலையகத்துப் பெண்ணுக்கு நியாயம் செய்கிறதா என்று கேட்கவே இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் கூலிக் கதை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கப்பட்டபோது, உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பவள் பெண். தோட்டத்தின் வருவாய் அவள் விரல் நுனியில் இருந்தது. ஆயினும் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே இருபாலார்க்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. அதையும் கணவனே கைநீட்டி வாங்கிவரும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

குடியுரிமைக் கதை இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியதை யாவரும் அறிவர். அச்சட்டம் தந்தைவழியை மட்டுமே கேட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தந்தை எங்கே பிறந்தான், பாட்டனும் முப்பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதே வினா. தாயும் பாட்டியும் இந்த மண்ணின் லயக் காம்பிராவில் பிறந்தவர்களாயினும் அது கணக்கில் ஏறவில்லை. தாய்வழியும் குடியுரிமைக்குப் போதும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல். இடையில் 55 ஆண்டுகள்!

இவ்வளவையும் தாங்கிய பெண் வாய் மூடி இருக்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலும் கங்காணியை ஏசினாள். கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாய் வீட்டை நினைத்து அழுதாள். மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இப்பாடல்களைத் தேடித் திரட்டிய பணி மறக்கற்பாலதன்று. அவருக்கும் முன்னரே கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். மேடையில் ஒரு பெண் நின்று பாடியது அக்காலத்தில் சிறிய செயல் அன்று. ஆனால், ‘மலையகக் கலை’ என்று விழாக்களில் நாம் கொண்டாடுவது என்ன? தப்பும் காமன் கூத்துந்தான். அவற்றின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. எனினும் காமன் கூத்தில் ரதியின் வேடத்தையும் மரபுப்படி ஓர் ஆணே கட்டுவான். பெண்ணின் கலை மேடை ஏறாத கலை. தொட்டிலோரத்திலும் தேயிலைச் செடியோரத்திலும் பிறந்து அங்கேயே அடங்கும் கலை.

அது ஒரே ஒருமுறை ஊரறிய ஒலித்தது எங்கள் நானுஓயாவில். மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885இல் இவ்வூரை எட்டியது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அதன் பின்னர் தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளில் எங்கள் உறவினர் ஏறினார்கள். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்கும் உரியவர்களான குடும்பங்கள் உண்டு. இறந்தவர்க்கு மட்டுமே உரிய ஒப்பாரியை, உயிரோடு வண்டி ஏறியவர்களை நோக்கி மேடையில் நின்ற பெண்கள் பாடினார்கள். அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. எந்தப் புலவனும் வகுக்காத ஒரு துறையை அந்தப் பெண்கள் வகுத்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

ஐரோப்பாவின் வடகோடியில், நோர்வே முதலிய நான்கு நாடுகளின் எல்லைகளுக்குள் பரந்து வாழும் சாமி மக்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நம்மவர் நினைவு வருகிறது. கலைமான் மேய்க்கும் மரபுடைய அவர்களது ‘யோய்க்’ என்னும் பாட்டைப் பாதிரிமார் பாவம் என்று கண்டித்தனர். 1917 பெப்ரவரி 6ஆம் நாள் துரொண்ட்கைம் நகரில் கூடிய அவர்களது மாநாட்டை முன்னின்று கூட்டியவர் எல்சா லௌலா ரென்பெர்க் என்னும் பெண்மணி. இன்று அந்த நாளே சாமி மக்களின் தேசிய நாள். அவர்கள் தம் மண்ணின் ஆதிக்குடிகள். நம்மவரோ கூலிக்காகக் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே பாட்டைத் தடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. இங்கே அயர்ச்சியே போதுமானதாயிற்று. இளம் பெண்கள் கொழும்புக்கும் அரபு நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். எஞ்சியோர் அன்றைய நிறையை எட்ட ஓடுகின்றனர். அந்த ஓட்டத்தில் பாட்டுக்கு மூச்சு ஏது?

பாடச் சொல்லிக் கேட்டால் மூதாட்டியர் எளிதில் இசைவதில்லை. “சும்மா ஒக்காந்திருந்தா பாட்டு எங்கேயிருந்து வரும் வாத்தியாரையா? கையில வேல இருந்தாத்தான் வரும்” என்றார் ஒருவர். ஆகவே விறகு கட்டும்போதும் பேரக்குழந்தையை உறங்க வைக்கும்போதும் கேட்டு எழுதுமாறு மாணவரிடம் சொன்னேன். ஒவ்வொரு பாட்டின் மேலும் பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், அவர் அதை யாரிடம் கேட்டார் என்பவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாணவி கொண்டுவந்த தாலாட்டு பாட்டியின் தாய், அவர் தாய் என்று நான்கு தலைமுறை பின்னோக்கிப் போயிற்று. தந்தைவழி கேட்ட சட்டத்துக்கு முன்னால் காட்ட முடியாமற்போன வமிசாவளி அது.

இதில் ஒரு குறை இருக்கிறது. கோச்சியில் ஏறிப் போனவர்களோடு பாட்டும் போயிற்று. தாயகம் திரும்பியோருக்காக 1968 முதல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. இங்கே பாதியில் அறுந்து நிற்கும் பாட்டின் மீதி அடிகள் கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு பாட்டியின் நினைவில் இருத்தல் கூடும். அப்பகுதி ஆசிரிய நண்பர்கள் இதுபோன்ற ஓர் ஏட்டைத் தொடங்குவார்களாயின், இரண்டையும் ஒப்புநோக்கும் வேலைக்கு எங்கள் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.